ஒரு பண்ணைச் சின்னமும் மரத்தில் தொங்கிய கடவுளும்: நார்ஸ், கிறித்தவத் தொன்மங்கள் கலந்த காமிக்ஸ் தொகுதி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஜெர்மனியின் ஒரு நகரத்தில் நால்வர் சேர்ந்து தொடங்கிய மிகுபுனைவுக் காமிக்ஸ் தொடர் இது. கதாசிரியர், ஓவியர், கலரிங்கும் லெட்டரிங்கும் பார்த்த ஒருவர், சிறு பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் என நால்வர். மொத்தம் ஐந்து தொகுதிகள் திட்டத்தில் இருந்தன. இங்கே பேசப்படுவது முதல் தொகுதி மட்டும்: 48 பக்க ஆல்பம், ஒரே தாளில் 16 பக்கம் அச்சாகும் பாரம் மூன்று, கெட்டி அட்டை. வாசகர்களிடம் முன்பணம் திரட்டி, ஜெர்மன், டேனிஷ், ஆங்கிலப் பதிப்புகளை ஒரே அச்சு ஓட்டத்தில் கொண்டுவருவது ஏற்பாடு.

கதை நடப்பது கி.பி. 1000ஐ ஒட்டிய ஐஸ்லாந்தில். அந்த ஆண்டிலோ அதற்கு முந்தைய ஆண்டிலோதான் அந்நாடு கிறித்தவத்தை ஏற்றது. திங்வெல்லிரில் கூடிய பொதுமன்றத்தில் சட்டம் உரைப்பவராக இருந்த தோர்கெய்ர் பழைய சமயத்தவர். போர்வையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் பேசாமல் படுத்துக் கிடந்தார். எழுந்து, எல்லோரும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் குதிரை இறைச்சி உண்பதும், வேண்டாத குழந்தையைக் கைவிடுவதும் பழையபடி தொடரலாம். மறைவாகப் பலி கொடுத்தாலும் சாட்சி இல்லாதவரை குற்றம் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் ஆரி தோர்கில்சன் எழுதிவைத்த செய்தி இது.

தொடரின் கற்பனை இந்தச் சலுகையிலிருந்துதான் முளைக்கிறது. வெளிப்படையான வழிபாட்டை இழந்த கடவுளர் பண்ணை வீடுகளின் அடுப்படியிலும் ஆட்டுக் கொட்டிலிலும் ஒளிந்து வாழ்கிறார்கள். புதிதாக வந்திறங்கிய தேவதூதர்களுக்கோ யாரைக் காப்பது என்று தெரியவில்லை. இரு தரப்பையும் பார்க்க முடிகிறவள் ஒரு பண்ணை வீட்டுப் பெண். அவளோடு நார்வேயிலிருந்து வந்த துறவி ஒருவர். கதைக்கரு உறுதியானது. சிக்கல்கள் எல்லாம் அதைப் படமாக்கிய இடங்களில் எழுந்தன.

கையில் இருந்த ஆதாரங்கள்

நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) தொன்மத்தை வரைய உட்காரும் எவருக்கும் முதலில் தெரிந்திருக்க வேண்டியது, அந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுத்தில் வைத்தவர்கள் கிறித்தவர்கள் என்பது. தொன்மப் பாடல்களின் தொகுப்பான கவிதை எட்டாவின் முதன்மைக் கையெழுத்துப் படியான கோடெக்ஸ் ரேகியஸ் 1270களில் எழுதப்பட்டது. எஞ்சியிருப்பவை 45 ஏடுகள். நடுவே 8 ஏடுகள் இல்லை. ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் தம் உரைநடை எட்டாவை எழுதியது 1220 வாக்கில். அதன் முன்னுரை, கடவுளர் என்று மக்கள் கொண்டாடியவர்கள் டிராயிலிருந்து வந்த மனிதர்களே என்று சொல்கிறது. அந்த முன்னுரை இல்லாமல் ஸ்னோரியைப் பழைய சமயத்தின் வேதம்போல் எடுத்துக்கொள்வது பரவலாக நடக்கும் பிழை. இந்தக் குழுவும் தொடக்கத்தில் அதைத்தான் செய்தது.

கொம்பு வைத்த தலைக்கவசத்தை அவர்கள் ஓர் இடத்திலும் வரையவில்லை. 1876இல் பைரோய்ட்டில் அரங்கேறிய இசைநாடகத்துக்கு கார்ல் எமில் டோப்லர் வடிவமைத்த உடைகளால் பரவிய உருவம் அது என்பதும், 1943இல் நார்வேயின் ஜெர்முண்ட்புவில் கிடைத்த உண்மையான வைக்கிங் கவசத்தில் கொம்பு கிடையாது என்பதும் நால்வருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த அந்த ஒரு பிழையைத் தவிர்த்ததில் வந்த நிம்மதி, மற்றவற்றைச் சரிபார்க்கும் அக்கறையைக் குறைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். தலைமைக் கடவுளான ஓடினின் போர்வையில் வேக்விசிர் எனப்படும் வழிகாட்டிச் சின்னம் தையல் வேலையாக வந்திருந்தது. அதற்குக் கிடைக்கும் ஆதாரம் 1860இல் ஐஸ்லாந்தில் தொகுக்கப்பட்ட மந்திரச் சுவடி. கதைக் காலத்துக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பிந்தியது.

முதல் சோதனை வாசிப்பு

பென்சில் கட்டத்தில் 12 பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில், ஆல்பத்தின் உண்மை அளவிலேயே அச்செடுத்து, கதை தெரியாத வாசகர்களிடம் கொடுத்தார்கள். ஒவ்வோர் உருவத்தையும் சுட்டி "இது யார்?" என்பது மட்டும் கேள்வி. போரில் மடிந்தோரை ஓடினுக்காகத் தேர்ந்தெடுக்கும் வால்கிரியைத் தேவதூதர் என்றும், தேவதூதரை வால்கிரி என்றும் பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். இரண்டுக்கும் வெண்சிறகு, இரண்டுக்கும் கவசம், இரண்டின் கையிலும் ஈட்டி. வண்ணம் வந்தால் தெளிந்துவிடும் என்று ஓவியர் நம்பினார். பதிப்பாசிரியர் ஏற்கவில்லை. கறுப்பு வெள்ளையில் பிரித்தறிய முடியாத உருவம் வண்ணத்திலும் தூரக் காட்சியில் குழம்பவே செய்யும். அவர் சொன்னது சரி.

இங்கேதான் பழைய நார்ஸ் இலக்கியம் படித்த ஓர் ஆய்வாளரை வெளியிலிருந்து ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

எட்டாவில் வால்கிரிகளின் முதுகில் சிறகு முளைப்பதில்லை. அவர்கள் குதிரையில் வருகிறார்கள். ஹெல்கி பாடல் ஒன்றில், அவர்கள் குதிரைகள் உலுக்கும்போது பிடரி மயிரிலிருந்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் பனித்துளி விழுகிறது. உயர்ந்த காடுகளில் ஆலங்கட்டி விழுகிறது. வோலுண்ட் பாடலில் வரும் பெண்களுக்கு அன்ன இறகாலான ஆடை உண்டு. ஆனால் அது கழற்றி வைக்கக்கூடிய ஆடை. ஓவியருக்கு இவை இரண்டும் போதுமானவையாக இருந்தன. வால்கிரி வரும் கட்டங்கள் எல்லாம் குதிரையால் ஆளப்படும் கிடைமட்ட வடிவமாயின. பிடரியிலிருந்து சிதறும் துளிகளே அவர்கள் வருகையின் அடையாளம். இறகாடை ஒரே ஒரு காட்சியில், கொடியில் உலர்த்திய துணியாக வருகிறது.

தேவதூதருக்கு வேறு வழி. ஏசாயா சொல்லும் ஆறு சிறகுச் சேராபீன்களையும் எசேக்கியேல் கண்ட நான்கு முகங்களையும் கண்கள் நிறைந்த சக்கரங்களையும் கொண்டுவரக் கதாசிரியருக்கு ஆசை. ஆலோசகர் அதைவிடப் பொருத்தமான ஒன்றை ஐஸ்லாந்துக்குள்ளிருந்தே எடுத்துக் கொடுத்தார். நியால் சாகா என்ற பழைய ஐஸ்லாந்துக் கதையில், தாங்பிராண்ட் என்ற மறைபரப்பாளர் மிகாவேல் தூதருக்குத் திருநாள் கொண்டாடுகிறார். ஹால் என்ற பண்ணைக்காரர் அந்தத் தூதரின் வேலை என்னவென்று விசாரிக்கிறார். மனிதர் செய்யும் நன்மை தீமைகளை நிறுப்பவர், இரக்கம் மிகுந்தவர் என்று பதில் வருகிறது. அப்படியானால் அவரே எனக்குக் காவல் தூதராக வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் ஹால் ஞானஸ்நானம் பெறுகிறார். இதைக் கேட்டபின் வாளும் மார்புக்கவசமும் போயின. தராசு ஏந்தி அசையாமல் நிற்கும் செங்குத்து உருவமாக மிகாவேல் வந்தார்.

பாத்திரம் ஒவ்வொன்றையும் முழுக் கறுப்பு நிழலாக்கி, 3 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கி மீண்டும் காட்டினார்கள். இம்முறை குழப்பம் இல்லை.

29ஆம் பக்கம்

இந்தத் தொகுதியின் மையக் காட்சி ஓடின் மரத்தில் தொங்குவது. எட்டாவின் ஹாவமால் பாடலில் ஓடினே சொல்கிறான்: காற்றில் ஆடும் மரத்தில் முழுதாக ஒன்பது இரவுகள் தொங்கினேன், ஈட்டியால் குத்துண்டு, ஓடினுக்கே பலியாக, எனக்கே நான். யாரும் அப்பமும் தரவில்லை, குடிகொம்பும் நீட்டவில்லை. கீழே பார்த்தேன், அலறியபடி ரூன்களை (பழைய வட ஐரோப்பிய எழுத்துகளை) எடுத்தேன், மரத்திலிருந்து விழுந்தேன்.

ஓவியர் முழுப் பக்கத்தில் ஒரே கட்டமாக இதை வரைந்திருந்தார். கைகள் இரண்டும் கிளைகளில் விரிந்து, தலை வலப்புறம் சாய்ந்து, விலாவில் ஈட்டிக் காயம். பார்த்த மாத்திரத்தில் சிலுவைக் காட்சி.

கதை வரைவை அச்சுக்கு முன் இரண்டு சமயத்தவரிடம் காட்டுவது என்று முன்பே முடிவாகியிருந்தது. ஒருவர் லூத்தரன் போதகர். மற்றவர் நார்ஸ் கடவுளரை இன்றும் வணங்கும் ஆசாத்ரு நெறியைப் பின்பற்றுகிறவர். நார்ஸ் கடவுளர் என்றால் செத்துப்போன சமயம் என்று எழுதுவோர் நினைத்துக்கொள்கிறார்கள். ஐஸ்லாந்தில் 1972இல் நிறுவப்பட்ட ஆசாத்ரு சங்கம் மறு ஆண்டே அரசின் அங்கீகாரம் பெற்றது. திருமணமும் அடக்கமும் நடத்திவைக்கிறது. வணங்குகிறவர்கள் இருக்கும்போது அது வெறும் கதைச் சரக்கு ஆகாது.

இருவரும் தனித்தனியே படித்தார்கள். ஒருவர் கருத்து மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் இருவரும் ஒரே பக்கத்தில் விரல் வைத்தார்கள். போதகரின் ஆட்சேபம்: சிலுவையில் கிறிஸ்து பிறருக்காகத் தம்மைக் கொடுக்கிறார், இங்கே ஓடின் அறிவைப் பெறத் தன்னைத் தனக்கே பலியிடுகிறான், ஒரே நிலையில் வரைந்தால் இரண்டும் ஒன்றென்று படம் அடித்துச் சொல்கிறது. ஆசாத்ரு வாசகரின் ஆட்சேபம்: எங்கள் கடவுளை எதற்காகக் கடன் வாங்கிய உடலில் தொங்கவிடுகிறீர்கள்?

பாடலில் கை விரிந்ததாகவும் இல்லை, ஆணி அடித்ததாகவும் இல்லை. எப்படித் தொங்கினான் என்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அந்த நிலையை ஓவியர் தம் கிறித்தவப் பட நினைவிலிருந்து, தாமறியாமலே, எடுத்திருக்கிறார். இந்தப் பாடலிலேயே கிறித்தவத் தாக்கம் உண்டா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் குழு தரப்பு எடுக்க வேண்டிய தேவையில்லை. ஆனால் தரப்பு எடுக்கிறோம் என்று தெரியாமலே எடுப்பது தவறு.

மறுவரைவில் பார்வைக் கோணம் மரத்தின் அடிக்கு இறங்கியது. வேர்கள், ஆடும் பாதங்கள், தரையில் கிடக்கும் ஈட்டியின் பிடி, கீழே நீளும் ஒரு கை. முகம் இல்லை. விரிந்த கைகள் தொகுதியிலிருந்து முற்றாக நீங்கவில்லை. அவை 33ஆம் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில், அதே கதையைப் பெண் சொல்லக் கேட்கும் துறவியின் மனத்தில் வருகின்றன. அவர் சிலுவையைத்தான் பார்ப்பார். பார்க்காமல் இருக்க முடியாது. தொகுதியின் மிகச் சிறந்த மாற்றம் இதுவே.

யார் கண்ணில் தெரிவது

அந்த ஒரு கட்டத்திலிருந்து தொகுதி முழுமைக்கும் ஒரு விதி பிறந்தது. இயற்கை மீறிய எந்தக் காட்சியும் ஒருவரின் கண்வழியாகத்தான் வரும். பெண்ணின் பார்வை என்றால் வைக்கிங் காலக் கலையான ரிங்கெரிகே பாணி: நீண்டு சுருளும் கொடிகள், பிணையும் விலங்குடல், எல்லைக்கோடு இல்லாத கட்டம். துறவியின் பார்வை என்றால் கையெழுத்துப் படிகளின் பாணி: தட்டையான வண்ணம், தடித்த சட்டம், ஒரே அளவில் அடுக்கிய உருவங்கள். இந்த இரண்டும் ஒன்றாய் வாழ்ந்தமைக்கு ஐஸ்லாந்திலேயே சான்று உண்டு. ரெய்க்யவிக் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ஃப்ளாட்டாதுங்கா பலகைகளில் புனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் ரிங்கெரிகே கொடி சுருள்கிறது.

சூழ்ச்சிக்காரக் கடவுளான லோகியின் சிக்கலும் இதில் தீர்ந்தது. முதல் வரைவில் லோகி நேரடியாகச் சாத்தான். செத்தவரை ஆளும் ஹெல்லின் உலகம் நரகம். கடவுளர் அழியும் இறுதிப் போரான ரக்னரோக் என்பது வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிப் போர். ஹெல்லின் உலகம் நோயிலும் முதுமையிலும் செத்தவர் போகும் இடம் என்றே ஸ்னோரி சொல்கிறார். நல்ல கடவுளான பால்டரும் அங்கேதான் போகிறான். இந்தச் சமன்பாடுகளைக் கதையாடல் வரிகளிலிருந்து எடுத்து, துறவியின் பேச்சுக்கு மாற்றினார்கள். எட்டாவின் வோலுஸ்பா பாடலின் இறுதியில் மேலிருந்து வல்லவன் ஒருவன் தீர்ப்பளிக்க வருவதாக ஒரு பாட்டு உண்டு. அது ஹவுக்ஸ்போக் என்ற 14ஆம் நூற்றாண்டுப் படியில் இருக்கிறது; கோடெக்ஸ் ரேகியஸில் இல்லை. கடைசிப் பக்கத்தில் கதாசிரியர் அதைத் தீர்க்கதரிசனமாக வைத்திருந்தார். இப்போது துறவி அந்த வரியைப் பாடலோடு சேர்த்துச் சொல்கிறார். பெண்ணோ, அப்படி ஒரு வரி எங்கள் பாட்டில் கிடையாது என்கிறாள்.

சின்னம்

எல்லாம் முடிந்து கலரிங்கும் ஏறக்குறைய நிறைவடைந்த நேரத்தில் பெரிய சிக்கல் வந்தது. முன்பணம் தந்தவர்களுக்குப் பரிசாகக் கதாநாயகியின் பண்ணைச் சின்னத்தை எனாமல் பின்னாகச் செய்து தருவதாக அறிவித்திருந்தார்கள். வடிவமைப்புக் கோப்பைப் பெற்ற பட்டறைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு, இதை எதற்காகச் செய்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டார்.

சின்னம் இதுதான்: ஒரு சாய்சதுரம், அதன் கீழ்முனையிலிருந்து குறுக்கே நீளும் இரண்டு கால்கள், கால் நுனிகளில் மேல்நோக்கி மடியும் சிறு பாதம். பழைய ஃபுதார்க் என்ற ரூன் எழுத்து வரிசையின் ஓதலா ரூன். அதன் பெயர் பரம்பரை நிலத்தைக் குறிப்பதால் பண்ணைக் குடும்பத்துக்குப் பொருத்தம் என்று தேர்ந்திருந்தார்கள். பாத மடிப்பை ஓவியர் அழகுக்காகச் சேர்த்தார். அந்த மடிப்போடு கூடிய வடிவம், இரண்டாம் உலகப்போரில் நாஜிகளின் எஸ்எஸ் படையின் பிரின்ஸ் ஆய்கென் பிரிவு தாங்கிய சின்னம். இதே ரூனைத் தன் அடையாளமாக வைத்திருந்த நவநாஜி இளைஞர் அமைப்பான வைக்கிங் யூகெண்ட் 1994இல் ஜெர்மனியில் தடை செய்யப்பட்டது. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின்படி, தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைப் பரப்புவதற்கு மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு. கலை, கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் அது சூழலைப் பொறுத்தது.

முடிவு எடுத்த விதம்

நால்வருக்குள் கருத்து பிரிந்தது. கலரிங் பார்த்தவர் மாற்றக்கூடாது என்றார். நூற்றாண்டுகள் பழமையான எழுத்தை நவநாஜிகளிடம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அது வலுவான வாதம். ரூன் ஆய்வாளர்களும் ஆசாத்ரு நெறியினரும் அன்றாடம் எழுப்புவது. பதிப்பாசிரியர் வழக்கறிஞரிடம் கேட்டார். கதைக்குள் வருவதைக் கலை என்று வாதாட இடமுண்டு. சட்டையில் குத்திய பின்னுக்கு அந்த வாதம் பலவீனம் என்று பதில் வந்தது.

முடிவைத் தீர்மானித்தவை இரண்டு காரணங்கள். பக்கத்தில் சின்னத்தைச் சுற்றிக் கதை இருக்கிறது. பின்னிலும் அட்டையிலும் அது தனியே நிற்கிறது. தெருவில் அதை எதிர்கொள்பவருக்கு, அதுவும் அந்த அமைப்புகளின் வன்முறையை அனுபவித்த ஒருவருக்கு, கதை தெரிய வழியே இல்லை.

இரண்டாவது காரணம் வரலாறு. ஆலோசகர் இதைச் சொன்னபோது எல்லோருக்கும் வருத்தம்தான். 24 எழுத்துகள் கொண்ட பழைய ஃபுதார்க் 8ஆம் நூற்றாண்டோடு வழக்கொழிந்தது. வைக்கிங் காலத்தில் எழுதியது 16 எழுத்துகள் கொண்ட இளைய ஃபுதார்க்கில். ஓதலா அதில் இல்லவே இல்லை. கி.பி. 1000இல் ஓர் ஐஸ்லாந்துப் பண்ணைக்காரி அந்த எழுத்தைத் தன் வாசலில் செதுக்கியிருக்க முடியாது. பக்க அமைப்பைச் சிறிதாகக் கீறிப் பார்க்கும் சிறு வரைவுக் கட்டத்திலேயே இது எந்தக் காலத்து எழுத்து என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், சட்டச் சிக்கலும் அங்கேயே மறைந்திருக்கும்.

மாற்றுச் சின்னத்தைத் தேடியபோது பண்ணை வாழ்க்கையே விடை தந்தது. ஐஸ்லாந்தில் ஆடுகளைக் கோடையில் பொது மேய்ச்சலுக்கு மலையில் விட்டு, இலையுதிர்காலத்தில் பிரித்தெடுப்பார்கள். யாருடைய ஆடு என்பதற்குக் காதில் வெட்டுக் குறி. கிராகாஸ் என்ற பழைய சட்டத் தொகுப்பிலேயே குறியிடும் விதிகள் உண்டு. கதாநாயகியின் குடும்பக் குறி இப்படி அமைந்தது: வலக்காதின் நுனி நேராகத் துண்டிக்கப்பட்டிருக்கும், இடக்காதின் பின்விளிம்பில் ஒரு சிறு பிறை வெட்டு. கதைக்கும் இதனால் ஆதாயம். மிகாவேல் ஆன்மாக்களை நிறுக்கும் காட்சியில், ஒரு செம்மறியின் காதைத் தடவிப் பார்த்து, இது யாருடையது என்று பெண்ணிடம் கேட்கிறார்.

மறுவேலையும் அச்சும்

சின்னம் அட்டையிலும் 23 கட்டங்களிலும் இருந்தது. ஓவியர் தாளில் மை போடுகிறவர். 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) கறுப்புக் கோடாக ஸ்கேன் செய்து, 300 டிபிஐ சிஎம்ஒய்கே (சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு) வண்ணம் அடியில் வருகிறது. கதவிலும் கேடயத்திலும் இருந்த சின்னத்தைக் கணினியில் அழித்து ஒட்டியபோது மரநார்க் கோடுகள் அறுந்து தெரிந்தன. ஆகவே ஒன்பது கட்டங்களைப் புதிதாக வரைந்து ஸ்கேன் செய்தார்கள். மற்றவற்றில் திருத்தம் போதுமானதாக இருந்தது.

நினைவுக்கல் ஒன்றில் பொறித்த வரியும் மாறியது. ஜெர்மன் சொற்களை எழுத்துக்கு எழுத்து பழைய ஃபுதார்க்கில் மாற்றி எழுதியிருந்தார்கள். இளைய ஃபுதார்க்கில், தமிழின் ககரம்போல, ஒரே எழுத்து k, g ஒலிகள் இரண்டுக்கும் நிற்கும்; t, d ஒலிகளுக்கும் p, b ஒலிகளுக்கும் அப்படியே. மொழியும் பழைய நார்ஸாக இருக்க வேண்டும். இன்னார் இந்தக் கல்லை இன்னார் நினைவாக நிறுத்தினார் என்ற வழக்கமான வாய்பாட்டை ஆலோசகர் எழுதிக் கொடுத்தார். வைக்கிங் கால ஐஸ்லாந்தில் ரூன் கல் நிறுத்தும் வழக்கத்துக்குச் சான்று இல்லாததால், அந்தக் காட்சியைத் துறவியின் நார்வே நினைவுக்கு மாற்றினார்கள்.

மூன்று மொழிப் பதிப்பில் செலவு குறைவது, சயான், மஜெந்தா, மஞ்சள் பிளேட்டுகள் பொதுவாகவும் கறுப்பு பிளேட் மட்டும் மொழிக்கு ஒன்றாகவும் இருப்பதால். எனவே பலூன் எழுத்து முழுக் கறுப்பாக மட்டுமே இருக்க வேண்டும். அலறல் ஒலியைச் சிவப்பில் கையால் எழுதிய இரண்டு கட்டங்கள் இந்த ஏற்பாட்டைக் கெடுத்தன. அவற்றைக் கறுப்பாக்கினார்கள். இரவுக் காட்சிகளில் நான்கு மையும் சேர்ந்த அடர்த்தி 300 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அப்படியே போனால் மை காயாமல் எதிர்த் தாளில் ஒட்டும் என்று அச்சகம் திருப்பி அனுப்பியது.

எழுத்துருவில் இன்னொரு தொல்லை. பழைய நார்ஸ் பெயர்களில் வரும், அடியில் வால் வைத்த ஓகார எழுத்து காமிக்ஸ் ஃபாண்டில் இல்லை. மூன்று பக்கங்களில் வெறும் பெட்டியாக வந்தது. தற்கால ஐஸ்லாந்து எழுத்துக்கூட்டலுக்கு மாறியதில் அது தீர்ந்தது. ஐஸ்லாந்து மொழியின் எத் என்ற எழுத்தின் பெரிய வடிவமும் குரோஷிய மொழியின் ஓர் எழுத்தும் கண்ணுக்கு ஒன்றுதான். குறியீட்டு எண் வேறு. தவறானதைத் தட்டியிருந்தால், சிறிய எழுத்தாக மாற்றும்போது வேறு எழுத்தாகிவிடும். இது ப்ரூஃபில் கண்ணுக்குத் தெரியாத பிழை. தேடல் கட்டளையால்தான் பிடிக்க முடியும்.

ஜெர்மன் பதிப்பில் மேற்கோளாக வந்த எட்டா வரிகள் ஃபெலிக்ஸ் கென்ட்ஸ்மரின் மொழிபெயர்ப்பு. மூலம் யாருக்கும் சொந்தமில்லை. அவர் 1959இல் மறைந்தவர், ஆதலால் மொழிபெயர்ப்புக்கு 2029 முடியும்வரை காப்புரிமை உண்டு. ஆலோசகர் அந்த வரிகளைப் புதிதாக மொழிபெயர்த்தார்.

வெளிவந்த பின்

தொகுதி நான்கு மாதம் தாமதமாக வந்தது. தாமதத்துக்கும் சின்ன மாற்றத்துக்கும் காரணத்தை முன்பணம் தந்தவர்களுக்கு விளக்கமாக எழுதினார்கள். சிலர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், உடனே கொடுக்கப்பட்டது. செம்மறிக் காது பின் முதலில் அறிவித்ததைவிட அதிகம் கேட்கப்பட்டது.

29ஆம் பக்கம் வாசகர்களிடம் நன்றாகச் சென்றது. இரண்டு பார்வைப் பாணிகள் தனித்தனிப் பக்கங்களில் வந்தவரை தெளிவாக இருந்தன. 40 முதல் 43 வரையான பக்கங்களில் பெண்ணும் துறவியும் ஒரே நேரத்தில் ஒரே உருவத்தைப் பார்க்கிறார்கள். அங்கே கட்டத்தைக் குறுக்கே பிளந்து பாதி ஒரு பாணி, பாதி மறுபாணி. இரண்டு ஓவியர்கள் வரைந்ததாகவும், அச்சுப் பிழை என்றும் எண்ணியவர்கள் உண்டு. ஒரு காட்சியில் இரண்டு பாணிகள் மோதும்போது வாசகர் கதையை விட்டுக் கோட்டைக் கவனிக்கத் தொடங்குகிறார். இந்த நான்கு பக்கங்கள் பலிக்கவில்லை.

இரண்டாம் தொகுதிக்கு மாற்றியவை

இப்போது சிறு வரைவோடு சேர்த்தே ஓர் ஆதாரத் தாள் போகிறது. வரையும் பொருள், அதற்கான ஆதாரம், அந்த ஆதாரம் எழுதப்பட்ட அல்லது செய்யப்பட்ட காலம், காட்சி யார் கண்வழி என நான்கு பத்திகள். மூன்றாம் பத்தியில் 18, 19ஆம் நூற்றாண்டு என்று வந்தால் அந்தப் பொருள் நிறுத்திவைக்கப்படும். கதாசிரியர் காரணம் எழுதினால்தான் மேலே போகும். கொடி, பின், அட்டை என்று கதைக்கு வெளியே தனியாக நிற்கப்போகும் எந்தக் குறியையும், வெறுப்பு அமைப்புகளின் சின்னப் பட்டியலோடு முதலிலேயே ஒப்பிடுகிறார்கள். இரு சமயத்து வாசகர்களும் முடிந்த வரைவை அல்லாமல், சிறு வரைவையே பார்க்கிறார்கள்.

பிளந்த கட்டத்துக்கு மாற்றாக, இங்கிலாந்தின் கும்பிரியாவில் நிற்கும் கோஸ்ஃபர்த் சிலுவையை முன்மாதிரியாக எடுத்திருக்கிறார்கள். 10ஆம் நூற்றாண்டுக் கல், உயரம் ஏறத்தாழ 4.4 மீட்டர். ஒரு பக்கத்தில் கட்டுண்டு கிடக்கும் லோகி, அவன்மேல் சொட்டும் நஞ்சைக் கிண்ணத்தில் பிடிக்கும் மனைவி சிகின். மறுபக்கத்தில் சிலுவைக் காட்சி. அதன் கீழே பின்னல் தொங்க, நீண்ட ஆடையில், கையில் பாத்திரத்தோடு ஒரு பெண். தைலக் குப்பியோடு வந்த மகதலேனா மரியாள் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். ஓடினின் மண்டபமான வால்ஹல்லாவில் குடிகொம்பு நீட்டும் வால்கிரியும் அதே கோலத்தில்தான் நினைவுக்கற்களில் நிற்கிறாள். சிற்பி ஒரே உருவத்தைச் செதுக்கி இரு தரப்புக்கும் விட்டுவிட்டார். இரண்டாம் தொகுதியின் 7ஆம் பக்கத்தில் அந்தப் பெண் ஒரே பாணியில், ஒரே கோட்டில், ஒரே முறை வரையப்படுகிறாள். பலூன்கள் மட்டும் இரண்டு: துறவி அவளை மரியாள் என்று அழைக்கிறார், பண்ணைப் பெண் அவளிடம் தன் செத்துப்போன அண்ணனைப் பற்றி விசாரிக்கிறாள்.